கடைமடை ஆயில் இன்ஜினில் இறுகிப்போன இரண்டு நட்டுகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருத்துறைப்பூண்டியிலிருந்து முத்துப்பேட்டை போகிற வழியில், வாய்க்கால் கரையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அதற்குள் நிற்கும் ஐந்து குதிரைத்திறன் ஆயில் இன்ஜினைப் பற்றியது இந்தக் குறிப்பு. ஒற்றை சிலிண்டர். பம்பு தள்ளுகிற தண்ணீரில் ஒரு பங்கு இன்ஜினுக்குள் சுற்றி வந்து அதைக் குளிர்விக்கும். சித்தப்பாவுடையது. சிலிண்டருக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கிற ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. வெளியே வரும் தண்ணீரில் குமிழ் குமிழாகப் புகை வந்தது, ஹாண்டில் போட்டுச் சுற்றினால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்றின் அழுத்தம், நிற்கவில்லை. ஹெட்டை இறக்கிக் கேஸ்கெட் மாற்றினால் சரியாகிவிடும், அரை நாள் வேலைதான்.

ஆனால் ஹெட்டைத் தூக்க வேண்டுமானால் முதலில் சைலன்சரை விடுவிக்க வேண்டும். அதன் ஃபிளாஞ்ச் (பூட்டுகிற விளிம்புத் தகடு) ஹெட்டின் பக்கவாட்டில் இரண்டே இரண்டு ஸ்டட்டில், அதாவது தலையில்லாத போல்ட்டில், நிற்கிறது. 10 எம்.எம். ஸ்டட், 17 நம்பர் நட்டு (பட்டைக்குப் பட்டை 17 எம்.எம்.). இரண்டுமே அசையவில்லை.

கொட்டகைக்கு மின் இணைப்பு கிடையாது, அதனால் கிரைண்டர், இம்பாக்ட் ரெஞ்ச் பேச்சுக்கே இடமில்லை. ஊரில் மெக்கானிக் இருக்கிறார். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வரும் வாரத்தில்தான் சுற்றுவட்டாரத்து இன்ஜின்கள் எல்லாம் ஒன்றாக மக்கர் பண்ணும், அவரைப் பிடிக்க முடியாது. இன்ஜினைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோகலாம் என்றால் நாலு ஆள் வேண்டும், திரும்ப வைக்கும்போது பம்போடு மட்டம் பார்க்கவும் வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்தாலும், அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் இறங்கி, நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பில் கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்து, அதற்குப் பிறகும் எத்தனையோ மதகு தாண்டித்தான் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கும். அதுவும் முறை வைத்து. சித்தப்பாவின் வயல் வாய்க்கால் மட்டத்தைவிடக் கொஞ்சம் மேடு. நேரடி விதைப்பில் முளைத்த சம்பா கால் முழ உயரத்தில் வாடிக்கொண்டிருந்தது. முறை ஓடுகிற நாட்களில் இறைத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த முறை வரைக்கும் வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். போர் போடலாமே என்று கேட்பவர்கள் இந்தப் பக்கத்து நிலத்தடி நீரை ஒரு வாய் குடித்துப் பார்க்கட்டும்.

துரு எங்கிருந்து வந்தது

இன்ஜினில் எத்தனையோ நட்டு இருக்க, சைலன்சர் நட்டு மட்டும் ஏன் இப்படி இறுகுகிறது? ஓடும்போது அந்த இடம் கை வைக்க முடியாத சூடு. சூட்டில் மரைக்குள் இருக்கிற எண்ணெய்ப் பசை எரிந்து காய்ந்துவிடும். நிறுத்தினால் குளிரும், குளிரும்போது காற்றிலிருக்கும் ஈரம் உள்ளே போகும். மறுபடி சூடு. இதற்கு மேல் எங்கள் பக்கத்து உப்புக்காற்று. உப்பு பட்ட இரும்பு சாதாரண ஈரத்தில் துருப்பிடிப்பதைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். துரு, அது தின்ற இரும்பைவிடக் குறைந்தது இரண்டு மடங்கு இடம் பிடிக்கும். மரைக்குள் அதற்கு இடம் ஏது? நட்டுக்கும் ஸ்டட்டுக்கும் நடுவில் ஆப்பு வைத்த மாதிரி அடைத்துக்கொள்ளும்.

இந்த இன்ஜினுக்குக் கூடுதலாக ஒரு கதை உண்டு. 2018 நவம்பர் 16 விடியலில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்தக் கொட்டகையின் கூரை போய்விட்டது. கூரை திரும்ப ஏறும் வரைக்கும் இன்ஜின் தார்ப்பாயில்தான் கிடந்தது. தார்ப்பாய் மழையைத் தடுக்கும், ஆனால் ஈரத்தை உள்ளேயே பிடித்தும் வைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் அந்த ஃபிளாஞ்சை யாரும் கழற்றவே இல்லை.

பைப் போட்டதன் விளைவு

நான் போவதற்கு முன்பே சித்தப்பாவின் சின்ன மகன் ஒரு கை பார்த்திருந்தான். ஸ்பேனரில் இரண்டடி ஜி.ஐ. பைப்பைச் செருகி இழுத்திருக்கிறான். அதன் அடையாளம் ஃப்ளைவீல் பக்க நட்டில் தெளிவாகத் தெரிந்தது. ஆறு முனையில் நாலு மழுங்கிப்போய், பளபளவென்று புது இரும்பு தெரிந்தது.

“பைப்பு போட்டு இழுத்தான்ப்பா. மொதல்ல கொஞ்சம் அசைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் ஸ்லிப் ஆயிடுச்சு” என்றார் சித்தப்பா.

“எந்தப் பக்கம் நின்னு இழுத்தான் சித்தப்பா?”

“இன்ஜினுக்கு இந்தப் பக்கம்தான். அந்தப் பக்கம் செவுரு இடிக்குதே, எப்படி நிக்கிறது?”

அசைந்தது என்று அவர் சொன்னதுதான் எனக்கு இடித்தது. துருவில் கட்டிப்போன நட்டு கொஞ்சம் அசைந்துவிட்டுப் பிறகு நின்றுகொள்வது அபூர்வம். முதல் பிடி விட்டதென்றால் பெரும்பாலும் வந்துவிடும். நின்று யோசித்தபோது விஷயம் பிடிபட்டது. ஃபிளாஞ்ச் சுவரைப் பார்த்து இருக்கிறது. நட்டின் முகமும் சுவரைப் பார்த்துத்தான். சுவருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இரண்டடிச் சந்து. பம்பு பக்கத்திலிருந்து தலையை நுழைத்தால் ஒரு நட்டின் முகம் தெரியும். ஃப்ளைவீல் பக்கத்து நட்டுக்கு இன்ஜினின் மறுபக்கம் நின்று கையை நீட்டத்தான் முடியும். அப்படி நின்றால் நட்டைப் பின்னாலிருந்து பார்க்கிறோம். முன்னாலிருந்து பார்க்க இடஞ்சுழி என்பது பின்னாலிருந்து வலஞ்சுழியாகத் தெரியும். பையன் வழக்கம்போல இடப்பக்கம் இழுத்திருக்கிறான். அதாவது, பைப் போட்டு இறுக்கியிருக்கிறான்.

அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தலைகீழாகவும் பின்பக்கமாகவும் வேலை செய்யும்போது பட்டறைக்காரர்களுக்கே இது நடக்கும். சந்தேகம் வந்தால் அதே அளவு வேறொரு நட்டையும் போல்ட்டையும் கையில் எடுத்து, முகம் சுவரைப் பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு விரலால் கழற்றிப் பார்த்தால் திசை தெரிந்துவிடும்.

அந்தப் பைப்பைப் பற்றி ஒரு கணக்கு

பைப் போடுவது எல்லோரும் செய்கிறதுதான், பெரிய போல்ட்டில் நானும் செய்வேன். 10 எம்.எம். ஸ்டட்டில் செய்யக்கூடாது என்பதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. 8.8 என்று தலையில் எண் போட்ட தரமான 10 எம்.எம். போல்ட், முழுச் சுமையும் முறுக்காகவே விழுந்தால், 65 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையை ஒட்டி முறிந்துவிடலாம். சாதாரணமாக அதை இறுக்குவதே 45, 50 நியூட்டன் மீட்டர் அளவில்தான். 17 நம்பர் ரிங் ஸ்பேனர் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். அதன் நுனியைப் பிடித்து 20 கிலோ இழுவை கொடுத்தால் 50 நியூட்டன் மீட்டர் வரும். ஸ்பேனர் செய்தவன் நீளத்தை அளந்துதான் வைத்திருக்கிறான். அதே நட்டில் 60 சென்டிமீட்டர் பைப் போட்டால் முறிவதற்கு 11 கிலோ இழுவை போதும், ஒரு குடம் தண்ணீரின் எடைகூட இல்லை. அவ்வளவு குறைவாக இழுக்கும்போது கைக்கு எச்சரிக்கை எதுவும் தெரியாது. எளிதாக வருகிறதே என்று தோன்றும்போதே ஸ்டட் முறுக்கேறிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். ஒரு நட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கிற விசையில் ஏறத்தாழ பாதி நட்டின் அடிமுகம் வாஷரில் உரசுவதற்கே போய்விடும். 40 சதவீதம் மரைக்குள் உரசுவதற்கு. மீதி 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. கழற்றும்போதும் எதிரி இந்த இரண்டு உரசல்தான். அடிமுகம் கட்டியிருந்தால் தட்டினால் விடும். மரை கட்டியிருந்தால் எண்ணெயும் சூடும் வேண்டும். இழுத்துப் பார்க்கும்போது கல் மாதிரி அசையாமல் நின்றால் பயமில்லை. ரப்பர் மாதிரி கொஞ்சம் வந்து, விட்டவுடன் பழைய இடத்துக்கே திரும்பினால் நட்டு சுழலவில்லை, ஸ்டட் முறுக்கேறுகிறது என்று அர்த்தம். அங்கே கையை எடுத்துவிட வேண்டும்.

பம்பு பக்கத்து நட்டு

கருவி எதையும் தொடுவதற்கு முன்னால் கொட்டகையின் சுவர்த் தகரத்தில் ஆணியைப் பிடுங்கி ஒரு தகட்டைக் கழற்றி வைத்தோம். வெளிச்சம் வந்தது, நட்டுக்கு நேராக உட்கார இடமும் வந்தது. இறுகின நட்டோடு போராடுகிற பாதிப் பேர் உண்மையில் இடத்தோடுதான் போராடுகிறார்கள். கோணலாக மாட்டின ஸ்பேனர் முனையை மழுக்குவதற்கு அதுதான் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் ஸ்பேனரே. சித்தப்பாவின் பெட்டியில் இருந்த ரிங் ஸ்பேனரைத் துடைத்துப் பார்த்தால் 11/16 என்று அங்குலக் கணக்கு. அது 17.46 எம்.எம். பதினேழில் போட்டால் மாட்டிக்கொள்ளும், கையில் ஆடுவதுகூடத் தெரியாது, ஆனால் அழுத்தம் ஏறினதும் முனையில் வழுக்கும். பழைய இன்ஜின்கள் இருக்கிற வீடுகளில் அங்குல ஸ்பேனரும் மில்லிமீட்டர் ஸ்பேனரும் ஒரே பெட்டியில் கலந்துதான் கிடக்கும். நான் கொண்டுபோன 17 நம்பர் சாக்கெட் (நட்டின் மேல் தொப்பி மாதிரி மாட்டுவது) ஆறுமுனை உள்ளது. சாதாரண ரிங் ஸ்பேனரில் பன்னிரண்டு முனை இருக்கும், அது நட்டின் மூலையில் அழுத்தும். ஆறுமுனை சாக்கெட் நட்டின் பட்டைப் பக்கத்தில் அழுத்தும். இறுகின நட்டுக்கு ஆறுமுனைதான் சரி. திறந்த வாய் ஸ்பேனரை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

அப்புறம் கம்பி பிரஷ். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற மரையில் இருக்கிற துருவை முழுக்கத் தேய்த்து எடுத்தேன். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். நட்டு உள்ளே விட்டாலும் வெளியே வருகிற வழியில் இந்தத் துருதான் மறுபடி கடிக்கும். தேய்த்த பிறகு டீசலும் மண்ணெண்ணெயும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினேன். ஊற்றினால் வழிந்து போய்விடும் என்பதால் பழைய வேட்டித் துணியைத் திரி மாதிரி முறுக்கி நட்டைச் சுற்றிக் கட்டி, அதை நனைத்துவிட்டு இரவெல்லாம் விட்டோம். தூங்கப்போகும் முன் சித்தப்பா இன்னொரு தடவை நனைத்துவிட்டு வந்தார்.

கடையில் விற்கிற டபிள்யூ.டி.-40 டப்பா இருந்தால் அதையும் அடிக்கலாம். அது 1953-இல் அமெரிக்காவில் உலோகத்திலிருந்து ஈரத்தை விரட்டுவதற்கென்று செய்தது, மெல்லியது, நன்றாக ஊர்ந்து போகும். ஆனால் அடித்த கையோடு ஸ்பேனர் போட்டால் எந்த எண்ணெயும் பிரயோஜனம் இல்லை. துருவுக்குள் முடி நுழையாத இடுக்கில் அது ஊர்ந்து போக மணிக்கணக்காகும்.

காலையில் துணியை அவிழ்த்தபோது நட்டின் அடியில், வாஷரும் அதுவும் சேருகிற கோட்டில், செம்மண் நிறத்தில் ஒரு மெல்லிய வளையம். எண்ணெயோடு துருத்தூள் கரைந்து வெளியே வந்திருந்தது. உள்ளே வழி கிடைத்திருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி.

அடுத்தது சுத்தியல், இரண்டு வேண்டும். கனமான ஒன்றை நட்டின் ஒரு பட்டையில் முட்டுக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, எதிர்ப் பட்டையில் சின்னதால் தட்ட வேண்டும். இப்படி மூன்று ஜோடிப் பட்டையிலும். முட்டுக் கொடுக்காமல் தட்டினால் அடி முழுக்க ஸ்டட்டை வளைப்பதற்குப் போகும், ஃபிளாஞ்ச் வார்ப்பிரும்பு என்பதால் ஸ்டட் நுழைகிற அதன் காது உடைந்தாலும் உடையும். ஸ்டட்டின் முனையில் நேரடியாக அடிக்கவே கூடாது, மரை விரிந்து நட்டு வெளியே வர வழியே இல்லாமல் போய்விடும். பலம் தேவையில்லை. சடசடவென்று நிறைய சின்ன அடி. சித்தப்பா முட்டுப் பிடித்தார், நான் தட்டினேன். துருத்தூள் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

பிறகு சாக்கெட்டை மாட்டி, முதலில் இறுக்கும் பக்கம் லேசாக ஒரு அழுத்தம். கழற்ற வந்துவிட்டு இறுக்குகிறானே என்று சித்தப்பா பார்த்தார். துருவின் பிடியை உடைப்பதுதான் நோக்கம், அது எந்தப் பக்கம் உடைந்தாலும் சரி. இறுக்கும் பக்கம் அசையவில்லை. கழற்றும் பக்கமும் அசையவில்லை. ரப்பர் மாதிரி திரும்பவும் இல்லை. கல்லாக நின்றது. சூடுதான் வழி.

மெக்கானிக்கின் ஊது விளக்கு கைவசம் இல்லை. கறிக்கடையில் ஆட்டுத்தலையும் காலும் வாட்டுகிற கேஸ் பர்னரை ஒரு மணி நேரத்துக்கு வாங்கி வந்தான் சின்னவன். தீ மூட்டுவதற்கு முன்னால் செய்தது அதிகம். டீசல் டேங்கைக் கழற்றி வெளியே வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோனோம், குழாய் வாயைத் துணியால் அடைத்தோம். எண்ணெய் ஊறின துணி, கொட்டகை மூலையில் கிடந்த வைக்கோல் எல்லாம் வெளியே. நட்டைச் சுற்றி வழிந்திருந்த எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்தோம். பக்கத்தில் ஒரு வாளி மணல். எண்ணெய்த் தீக்குத் தண்ணீர் ஆகாது. ஸ்ப்ரே டப்பா எதுவும் அந்த வட்டத்துக்குள் இருக்கக் கூடாது.

சூடு எப்படி வேலை செய்கிறது என்பதில் ஒரு குழப்பம் உண்டு. நட்டு விரிந்து தளர்கிறது என்பார்கள். உண்மைதான், ஆனால் எவ்வளவு? இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 12 பங்கு நீளும். 10 எம்.எம். ஓட்டையை 300 டிகிரி ஏற்றினால் கிடைப்பது 0.036 எம்.எம். தலைமுடியின் தடிமனில் பாதி இருக்கும். அதுவும் ஸ்டட் குளிராக இருந்தால்தான். இரண்டும் சேர்ந்து சூடானால் இரண்டும் சேர்ந்துதான் விரியும். அதனால் தீயை நட்டின் வெளிப்பட்டையில் மட்டும் காட்டி, விரைவாக ஏற்றி, சட்டென்று எடுத்துவிட வேண்டும். சிவக்கும் வரை காய்ச்சுவது தேவையில்லை. அப்படிச் செய்தால் ஸ்டட்டின் பதம் போய்விடும். இந்தச் சின்ன விரிவும் சுருக்கமும் துருவின் கெட்டியை விரிசல் விடச் செய்கிறது, சூட்டின் உண்மையான லாபம் அதுதான்.

தீயை எடுத்ததும் ஒரு மெழுகுவர்த்தியை மரை நட்டுக்குள் நுழைகிற இடத்தில் வைத்தேன். மெழுகு உடனே உருகியது. உருகின மெழுகு நட்டைச் சுற்றி நின்றது, பிறகு மெல்ல மரைக்குள் இழுக்கப்பட்டுக் காணாமல் போனது. சின்னவன் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தான். “எங்கண்ணே போவுது?” என்றான். சூடான இடுக்கில் எண்ணெய் எரிந்து ஆவியாகிவிடும். மெழுகு அந்தச் சூட்டில் தண்ணீர் மாதிரி இளகி உள்ளே போய், குளிரும்போது வழுக்குப் பொருளாக அங்கேயே தங்கிவிடும். பட்டறைகளில் இதற்கென்று ஒரு துண்டு மெழுகுவர்த்தி மேஜை இழுப்பறையில் எப்போதும் கிடக்கும்.

முழுக்க ஆறவிட்டு, மறுபடி சூடு, மறுபடி மெழுகு. இந்தத் தடவை கொஞ்சம் சூடு இருக்கும்போதே சாக்கெட்டை மாட்டி, ஒரு கையால் சாக்கெட்டின் தலையை நேராக அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கைப்பிடியைப் பிடித்து ஒரே சீராக இழுத்தேன். டிக் என்று ஒரு சத்தம். சத்தம் வந்ததும் இழுப்பதை நிறுத்தினேன். அது ஸ்டட் முறிகிற சத்தமாகவும் இருக்கலாம் என்பதால், நட்டில் சாக்கட்டியால் ஒரு கோடும் ஸ்டட்டின் முனையில் ஒரு கோடும் முன்பே போட்டு வைத்திருந்தேன். நட்டின் கோடு நகர்ந்திருந்தது, ஸ்டட்டின் கோடு நின்ற இடத்தில் நின்றது. நட்டுதான் விட்டிருக்கிறது.

இந்த இடத்தில் சந்தோஷத்தில் கடகடவென்று சுற்றினால் பாதியில் மாட்டிக்கொள்ளும். கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திரும்ப இறுக்கி, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி கால் சுற்று. துருத்தூள் மரையில் உருண்டு அடைக்காமல் வெளியே வந்துகொண்டே இருக்கும். அப்படியே வந்துவிட்டது.

ஃப்ளைவீல் பக்கத்து நட்டு

இது வேறு நோயாளி. முனை மழுங்கிவிட்டது, போதாததற்கு அளவுக்கு மீறி இறுக்கப்பட்டிருக்கிறது. மழுங்கின நட்டை அரத்தால் ராவி 16 நம்பராக்கி ஸ்பேனர் போடலாம், பலமுறை அது வேலைக்காகும். இங்கே அதைச் செய்யவில்லை. ஏற்கெனவே முறுக்கு வாங்கின ஸ்டட்டில் இன்னும் முறுக்கு ஏற்றுவது முறிப்பதற்குத்தான். ஸ்டட் ஃபிளாஞ்சுக்கு உள்ளே ஹெட்டோடு ஒட்ட முறிந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும். மின்சாரம் இல்லாமல் கை டிரில்லில் நேர்கோட்டில் துளை போடுவது எனக்குத் தெரிந்த வேலைகளிலேயே மோசமான வேலை.

நட்டு கடையில் சில்லறைக் காசு. அதைப் பலி கொடுத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஹாக்ஸா பிளேடை, ஃபிரேமில்லாமல் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, ஸ்டட்டுக்கு இணையாக நட்டின் ஒரு பட்டையில் கீழ்நோக்கி அறுத்தோம். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடு. மரையைத் தொடுவதற்கு மயிரிழை இருக்கும்போது நிறுத்த வேண்டும். மரையை நெருங்குவது போகப்போகத் தெரியும், அறுக்கிற சத்தம் மாறும். பிறகு அந்த வெட்டில் உளியை வைத்து, எதிர்ப்பக்கம் கனமான சுத்தியலை முட்டுக் கொடுத்து, இரண்டு தட்டு. நட்டு வாய் பிளந்தது. பிளந்தவுடன் அதன் பிடி முழுக்கப் போய்விடும், விரலாலேயே சுற்றி எடுத்தான் சின்னவன். அறுத்ததெல்லாம் அவன்தான். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னேன், உளியிலிருந்து தெறிக்கும் துணுக்கு விளையாட்டில்லை.

இப்போது ஃபிளாஞ்ச் வந்துவிட்டது, வேலை முடிந்த மாதிரிதான். ஆனால் அந்த ஸ்டட்டை நான் நம்பவில்லை. புது நட்டை அதில் விரலால் ஏற்றிப் பார்த்தால் நாலு மரை தாராளமாக ஓடியது, பிறகு பிடித்தது. சுத்தம் செய்து மறுபடி ஏற்றினாலும் அதே இடத்தில் பிடித்தது. பம்பு பக்கத்து ஸ்டட்டில் அப்படி எதுவும் இல்லை. ஒரு நல்ல போல்ட்டை எடுத்து இரண்டின் மரையும் கோத்துக்கொள்கிற மாதிரி பக்கவாட்டில் ஒட்டி வைத்து, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். ஒரு முனையில் பல்லோடு பல் சரியாக உட்கார்ந்தது. நடுவில் போகப்போகப் பல் விலகி, இடுக்கில் வெளிச்சம் கசிந்தது. ஸ்டட் நீண்டுவிட்டிருந்தது. பைப் போட்டு இறுக்கினபோது சின்னவனுக்கு அசைந்த மாதிரி இருந்தது இதுதான். நட்டு தளரவில்லை, இரும்பு இழுபட்டிருக்கிறது.

நீண்ட ஸ்டட்டை வைத்து மறுபடி பூட்டினால் ஓடுகிற அதிர்வில் ஒருநாள் முறியும், அதனால் எடுத்துவிடத் தீர்மானித்தோம். ஸ்டட்டில் இரண்டு நட்டை ஏற்றி, ஒன்றோடொன்று எதிரெதிராக இறுக்கிப் பூட்டு மாதிரி ஆக்கி, உள் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கழற்றுவது வழக்கமான முறை. நீண்ட மரையில் நட்டு பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேனே, அந்தப் பிடிப்பே இங்கே உபகாரமாகிவிட்டது. ஹெட்டைச் சுற்றிக் கொஞ்சம் சூடு காட்டினதும் ஸ்டட் அதிகம் முரண்டு பிடிக்காமல் வந்தது. வார்ப்பிரும்பில் கிராஃபைட் கலந்திருப்பதால் அதற்குள் போன மரை, எஃகோடு எஃகு கடித்த மரை அளவுக்கு மோசமாகக் கட்டுவதில்லை. ஹெட்டுக்குள்ளிருந்த பகுதி கருப்பாக, பல் மழுங்காமல் இருந்தது. வெளியே இருந்ததுதான் செந்துரு.

பூட்டினது

ஹெட் நட்டுகள் எந்தத் தகராறும் பண்ணவில்லை. கேஸ்கெட் மாற்றி, குறுக்குக் குறுக்காக, படிப்படியாக இறுக்கினது வழக்கமான வேலை.

சைலன்சர் பக்கத்தில் மட்டும் மாற்றம் செய்தோம். ஒரு ஸ்டட் புதிது, இரண்டு நட்டும் பித்தளை. பித்தளை துருப்பிடித்து இரும்போடு கட்டாது. கார் சைலன்சர்களில் பித்தளை நட்டு போடுவது பழைய வழக்கம். மரையில் சாதாரண கிரீஸ் தடவ வந்தார் சித்தப்பா, வேண்டாமென்றேன். அந்தச் சூட்டில் அது கரியாகி, நாளைக்கு அதுவே நட்டைப் பிடிக்கும். செம்புத்தூள் கலந்த கிரீஸ் கிடைத்தால் நல்லது, எங்களுக்குத் திருத்துறைப்பூண்டியில் கிராஃபைட் கிரீஸ் கிடைத்தது. அதைத் தடவினால் மரை வழுக்கும் என்பதால் வழக்கமாக இறுக்குவதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இறுக்க வேண்டும், பித்தளை நட்டுக்கு அது இன்னும் அவசியம். சின்ன ஸ்பேனரை நடுவில் பிடித்து இறுக்கினோம். ஒரு மணி நேரம் ஓடி நின்று, முழுக்க ஆறின பிறகு இன்னொரு தடவை பிடித்துப் பார்த்தேன். இரண்டும் இன்னும் கொஞ்சம் இறுக இடம் கொடுத்தன.

பைப்பை ஒளித்து வைத்துவிடலாமா என்று சின்னவனிடம் கேட்டேன். “அது கெடக்கட்டும்ணே, பம்பு ஃபவுண்டேஷன் போல்ட்டுக்கு வேணும்” என்றான். அதற்குச் சரிதான், அது 16 எம்.எம்.

மிச்சம் ஒரு வேலை விட்டுவைத்தோம். ஹெட்டில் தண்ணீர் வெளியேறும் குழாயின் மூடியில் 8 எம்.எம். போல்ட் ஒன்று தலை முறிந்து, மட்டத்தோடு மட்டமாக நிற்கிறது, எப்போது முறிந்ததோ தெரியவில்லை. மீதி போல்ட்டுகள் கசிவில்லாமல் மூடியைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. உள்ளே கரடுமுரடாக முறிந்திருப்பதால் துளைக்குக் குறி வைக்கிற சென்டர் பஞ்ச் நடுவில் நிற்காது. துளை கொஞ்சம் விலகினால் ஹெட்டின் மரையும் சேர்ந்து போய்விடும். ஹெட் கையில் கழன்றிருக்கும்போதே லேத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம்தான். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் போகவில்லை. தை அறுப்பு முடிந்து இன்ஜின் ஓய்வில் இருக்கும்போது ஹெட்டைத் திரும்ப இறக்கி, உடைந்த முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டு அடித்து எடுக்கச் சொல்லிப் பட்டறையில் பேசி வைத்திருக்கிறார் சித்தப்பா.